நூத்திப்பத்தின் பின்சீட்டு

பைய மேல வெக்க வேண்டாமுங்க, என்ற மடியிலயே இருக்கட்டும். உள்ள இருக்கறது ஹெட்போனு. மைக் வெச்சது, காதுல மாட்டிட்டுப் பேசறது. என்ற சம்சாரத்தோடது. கோவிச்சுட்டு ஈரோட்டுல தங்கச்சி ஊட்டுக்குப் போயி ஒரு வாரம் தாண்டுது, இதைய விட்டுட்டுப் போயிருச்சு. பொண்டாட்டியச் சமாதானம் பண்ணிக் கூட்டியாரப் போறவன் மல்லியப்பூ வாங்கிட்டுப் போவான், மைசூர்பா வாங்கிட்டுப் போவான். நான் ஹெட்போன் கொண்டு போறேன். சிரிச்சுக்கங்க, பரவால்ல. வர்ற ஞாயித்துக்கெழமை எனக்குச் சண்டை. பின்னாடி ஒக்காந்து துப்பாக்கி புடிக்க அது வரலைன்னா நான் செத்தேன்.

அட, எதுக்குங்க அப்படித் தள்ளி ஒக்கார்றீங்க? நெசத் துப்பாக்கி இல்லீங்க. கம்ப்யூட்டர்ல ஆடற ஏரோப்ளேன் சண்டை.

என்ற பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூரு கணபதியில கிரைண்டருக்குச் சாமானம் கடைஞ்சு குடுக்கற லேத்துப் பட்டறை வெச்சிருந்தேன். முட்டி ஆபரேசனுக்கு அப்புறம் நின்னு வேலை பாக்க முடியல, பட்டறையக் குடுத்துட்டேன். சும்மா ஒக்காந்திருந்தா மாமனாருக்குப் பைத்தியம் புடிச்சுருமேன்னு பெங்களூர்ல இருந்து வந்த மாப்பிள்ளைதான் இந்த ஆட்டத்தைய ஏத்திக் குடுத்துட்டுப் போனாரு. ஊரு ஊருக்கு ஆளுக இருக்காங்க. அவிங்கவிங்க ஊட்டுல ஒக்காந்துட்டு ஒரே ஆகாசத்துல சண்டை போடறது. எங்க அணிக்குக் கேப்டன் எட்வினு. தூத்துக்குடி துறைமுகத்துல கிரேன் ஓட்டறாரு. மொகம் பாத்ததில்ல, குரல்லயே பழக்கம். என்னைய அண்ணாச்சிம்பாரு, துளசிமணிய மதினிம்பாரு. துளசிமணிங்கறது என்ற சம்சாரம்.

நான் ஓட்டறது நூத்திப்பத்து. ரெண்டாம் உலகச் சண்டைக்கு ஜெர்மன்காரன் செஞ்ச ப்ளேனு. எல்லாரும் சின்னஞ்சிறுசா ஒத்த எஞ்சின் வண்டிய எடுத்துட்டுப் பறக்கறாங்க. நான் லேத்துக்காரன், எனக்கு எஞ்சினு ரெண்டு இருந்தாத்தான் மனசு ஆறும். ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுத்துட்டு வந்துரும்ல? மூக்குல பீரங்கியும் துப்பாக்கியுமா வரிசையா இருக்கும். எதுக்கால எவனாச்சும் வந்து நின்னா சல்லடைதான். ஆனா ஒண்ணு, வளையாது. இங்கிலீஸ்காரன் ப்ளேனு ஒரு கெணத்தைச் சுத்தற எடத்துல வளைஞ்சுரும். இது வளைஞ்சு முடிக்கறதுக்குள்ள சூலூரு வந்துரும்.

அதனால இதுக்குன்னு ஒரு மொறை இருக்குது. ஒசரத்துல இருந்து விழுகோணும், அடிக்கோணும், நேரா ஓடிரோணும். வளையவே கூடாது. எட்வினு ஒவ்வொரு சண்டைக்கும் கெஞ்சுவாரு. "அண்ணாச்சி, வளையாதிய. கும்புட்டுக் கேக்கேன், வளையாதிய." நான் வளைவனுங்க. ஒருத்தன் என்ற கண்ணு முன்னால தப்பிச்சுப் போறான். அவனை விட்டுட்டு நேராப் போறதுக்கு நானென்ன தபால்காரனா?

ஜெர்மன்காரன் ப்ளேனுன்னா அந்தப் பாவிக கட்சியான்னுதான கேக்கறீங்க? துளசிமணியும் அதைத்தான் கேட்டுச்சு. வாலுல அவனுக கொடி இருந்துச்சு பாருங்க, அதைப் பாத்துட்டு, "ஊரு ஊராக் கொன்னவனுக அடையாளம். இது இருந்தா இந்த ரூம்புக்குள்ளயே வர மாட்டேன்"னு வெளக்கமாத்தைத் தூக்கிருச்சு. அப்புறம் மாப்பிள்ளையக் கூப்பிட்டு அதை அழிச்சுப்போட்டு அங்க ஒரு மயிலு வரைஞ்சோம். உலகத்துலயே மயிலு வரைஞ்ச நூத்திப்பத்து என்னோடது ஒண்ணாத்தான் இருக்கும்.

துளசிமணிக்கு எப்படி இதுல பழக்கம் வந்துச்சுன்னு கேளுங்க. நூத்திப்பத்துல பின்னாடி ஒரு சீட்டு. அதுல ஒரு ஆளு வாலைப் பாத்து ஒக்காந்து, பின்னால வர்றவனச் சுடோணும். ஆளு இல்லைன்னா கம்ப்யூட்டரே ஒரு ஆளைப் போட்டுக்கும். அவன் ஒரு தூங்குமூஞ்சி. ஒரு நாளு காப்பி கொண்டாந்து குடுத்துட்டு இது நின்னு பாத்துட்டு இருந்துச்சு. "ஏனுங்க, உங்களுக்குப் பின்னால ஒருத்தன் வர்றான்"னுச்சு. "எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ"ன்னேன். காப்பிய ஒரு வாய் குடிக்கல, அதுக்குள்ள ப்ளேனோட எரிஞ்சு விழுந்துட்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூணாவது நாளு நானே மகளோட பழைய லேப்டாப்பை எடுத்துக் குடுத்து, "செரி, அந்தச் சுடற வேலைய நீயே பாரு"ன்னுட்டேன்.

அப்புறம் நானும் சும்மா இருப்பனா? பழைய இரும்புக் கடையில வேன் சீட்டு ரெண்டு வாங்கியாந்து, முதுகோட முதுகு ஒட்டற மாதிரி இரும்புச் சேனல்ல வெச்சு வெல்டு அடிச்சு மாடி ரூம்புல போட்டுட்டேன். நான் இக்கட்டால பாத்து ஒக்காருவேன், அது அக்கட்டால பாத்து ஒக்காரும். நெச நூத்திப்பத்துல இருக்கற மாதிரியே. பாத்தவங்க அசந்து போனாங்க.

மொதல்ல ஒரே கொழப்பம். அது "எடது பக்கம் திருப்புங்க"ம்பும், நான் எடது பக்கம் திருப்புவேன். துப்பாக்கிக்கு நேரா வரவேண்டியவன் வேற பக்கம் போயிருவான். அதோட எடது எனக்கு வலதாச்சே! ரெண்டு பேரும் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. துளசிமணிதான் ஒரு வழி கண்டுபுடிச்சுச்சு. எங்க மாடி ரூம்புக்கு ஒரு பக்கம் கெணறு, ஒரு பக்கம் ரோடு. "கெணத்துப் பக்கம் திருப்புங்க", "ரோட்டுப் பக்கம் திருப்புங்க". அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு தப்பு வரல. எட்வினு மட்டும், "வானத்துல எங்க மதினி கெணறு?"ன்னு கேட்டுட்டே இருந்தாரு.

அது சுடறதைப் பாக்கோணுமே நீங்க. மடியில மொறம், மொறத்துல சின்ன வெங்காயம். எவனும் வரலைன்னா வெங்காயம் உரிக்கும். வந்தா கத்தியக் கீழ வெச்சுட்டுச் சுடும். பதட்டமே கெடையாது. பக்கத்துல வர்ற வரைக்கும் சுடவே சுடாது. "இன்னும் கொஞ்சம் வரட்டுங்க, எதுக்குக் குண்டை வீணாக்கோணும்?"னு சொல்லும். அப்புறம் ஒரே தடவை. அவ்வளவுதான், பொகை.

நான் இந்த ஆட்டத்துல பெரிய கைங்க. நாச்சிமுத்துன்னு பேரு போட்டா சண்டிகர்ப் பசங்க நடுங்குவாங்க. விழுந்ததெல்லாம் ஓட்டறவன் பேருலதான் ஏறும், அது ஆட்டத்தோட சட்டம், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அதுல முன்னாடி விழுந்தது எத்தனை, பின்னாடி விழுந்தது எத்தனைன்னு பிரிச்செல்லாம் பாக்கக் கூடாதுங்க. பிரிச்சா... பின்னாடி கொஞ்சம் சாஸ்தி இருக்கும். கொஞ்சம்னா, முக்காவாசி. செரி விடுங்க, முன்னாடி விழுந்தது ரெண்டு. அதுல ஒண்ணு நம்மாளு.

இப்ப சண்டைக்கு வர்றேன். அதாவது, ஊட்டுச் சண்டைக்கு.

போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழமை மத்தியானம். செமிபைனல். அதுல ஜெயிச்சாத்தான் பைனலு. நான் ஒசரத்துல இருந்து விழுந்தேன், அடிச்சேன். அவன் தப்பிச்சான். செரின்னு வளைஞ்சேன். ஒரே ஒரு தடவைதானுங்க வளைஞ்சேன்! அதுக்குள்ள ரோட்டுப் பக்கத்து எஞ்சினு தீப் புடிச்சுருச்சு. பின்னால ரெண்டு பேரு. துளசிமணி சொல்லுது, "கொஞ்ச நேரம் நேரா வெச்சுக்கங்க, இவன் விழுந்துருவான்."

ஆட்டத்துல ஒரு சட்டம் இருக்குது. எரியற ப்ளேன்ல ஓட்டறவன் செத்துட்டா அடுத்த ரவுண்டுல அவன் வெளிய ஒக்காரோணும். பாராசூட்டுல குதிச்சுப் பொழைச்சுட்டா புது ப்ளேனு குடுப்பாங்க. கேப்டனுக்கு நான் வேணும்ல? அணிக்கு நான் வேணும்ல? குதிச்சுட்டேன். ஒரு பொத்தானைத் தட்டறதுதான். சட்டப்படி குதிச்சேன்.

குதிச்சாச்சு, பாராசூட்டு மெதுவா எறங்குது, எனக்கு அங்க வேலை இல்ல. ஒரே தாகம். ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு எந்திரிச்சு மோரு குடிக்கக் கீழ போனேன். என்ற முட்டிக்குப் படி எறங்கறதுக்கே நேரமாகும். மாடியில இருந்து அது கூப்பிடறது காதுல விழுந்துச்சு. "கெணத்துப் பக்கம் திருப்புங்க... ஏனுங்க, கெணத்துப் பக்கம்!" செரி, இப்ப நிறுத்திரும்னு நெனைச்சேன். ஒரு தம்ளர் குடிச்சேன். பெருங்காயம் போட்டு நல்லா இருந்துச்சு. இன்னொரு தம்ளரும் குடிச்சேன். அது இன்னும் கூப்பிட்டுட்டேதான் இருந்துச்சு. அப்புறம் சத்தம் நின்னுருச்சு.

நான் மேல ஏறி வர்றப்ப அது சீட்டுல திரும்பி ஒக்காந்து என்ற காலிச் சீட்டையே பாத்துட்டு இருந்துச்சு. லேப்டாப்புல தரையில வண்டி எரிஞ்சுட்டுக் கெடக்குது. கழட்டி வெச்ச ஹெட்போன்ல எட்வினு கத்தறாரு. "அண்ணாச்சி! ஆளே இல்லாத வண்டியில இருந்து மதினி ரெண்டு பேரையும் விழத்தட்டிட்டாவ! நாம பைனலுக்குப் போயிட்டோம்!"

எனக்குச் சந்தோசம் தாங்கல. எப்படி விழுந்துச்சு? நான் குதிக்கறதுக்கு முன்னால வண்டிய அவ்வளவு நேரா வெச்சுட்டுக் குதிச்சிருக்கேன். அதான் குறி சுத்தமா விழுந்துருக்குது. அதைத்தான் அதுகிட்டயும் சொன்னேன். "பாத்தயா அம்மிணி, எப்படி நேரா வெச்சுட்டுப் போனேன்?"

அது கேக்குது, "எப்பங்க எந்திரிச்சுப் போனீங்க?"

"இப்பத்தான். மோரு குடிக்க."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதுங்களா?"

"எரியறப்ப எங்க சொல்லிட்டு இருக்கறது? நீயும் குதிச்சிருக்கோணும்."

"நீங்க ஓட்டிட்டு இருக்கீங்கன்னு நெனைச்சுத்தான நான் சுட்டுட்டு இருந்தேன்?"

ஒரு ஆட்டத்துக்குப் போயி இப்படிப் பேசலாமுங்களா? பேசட்டும். ஆனா அதோட விடலையே. பழசையெல்லாம் எடுத்துப் போட்டுச்சு. பழனியில மேல அதை நிக்க வெச்சுட்டு நான் பாட்டுக்கு விஞ்சுல எறங்கி வந்துட்டனாம். கூட்டமா இருந்துச்சு, எடம் கெடைச்சுது, எறங்கினேன். பட்டறை வெக்கறதுக்கு முன்னால நான் பாத்துட்டு இருந்த மில்லு வேலைய விட்டதை ஒரு மாசம் கழிச்சுப் பக்கத்து ஊட்டுக்காரி சொல்லித்தான் தெரிஞ்சுக்கிச்சாம். பட்டறையக் குடுத்ததையும் அப்படித்தானாம். அதுகிட்டச் சொன்னா அழுகும், அதுக்குத்தான சொல்லல?

அப்புறம் அதோட அப்பா. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனேன். டீக்கடையில ஒருத்தன், பொள்ளாச்சியில நல்ல லேத்து ஒண்ணு வெலைக்கு வருதுன்னான். அன்னைக்கு விட்டா வேற எவனாச்சும் கொண்டு போயிருவான். அப்ப செல்போனும் கெடையாது. பொழுதோட திரும்பி வந்தா பெரியவரு போயிட்டாரு. இது ஒத்தையில ஒக்காந்திருக்குது. ஆஸ்பத்திரிக்காரங்க என்ன கேட்டாலும், "என்ற ஊட்டுக்காரரு வெளியதான் இருக்காரு, வந்துருவாரு, வந்துருவாரு"ன்னே சொல்லிட்டு இருந்துருக்குது. என்னைய அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. இத்தனை வருசம் கழிச்சு இப்பக் கேக்குது. நல்ல லேத்துங்க அது. நம்ம பட்டறையில கடைசி வரைக்கும் ஓடுச்சு.

மறுநா காலையில பையத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு. "தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. சோறு ஆக்கி வெச்சிருக்கேன். சொல்லிட்டுப் போறேன்." அந்தச் 'சொல்லிட்டுப் போறேன்'ல ஒரு அழுத்தம் குடுத்துச்சு பாருங்க, அதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

நான் வேற ஆளைப் பாக்காம இல்லீங்க. பக்கத்து ஊட்டு ரங்கசாமி இருக்காப்ல, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பின்னாடி பாத்து வேலை செஞ்ச ஆளு, பழக்கம் இருக்கும்னு ஒக்கார வெச்சேன். பின்னால எதிரி வர்றான். இவரு சொல்றாரு, "வரலாம்... வரலாம்... வா வா வா... கொஞ்சம் ஒடிச்சு வா..." நெருங்கி வந்தான். "ஆங், போதும்"னாரு. அவன் சுட்டுட்டான். ரெண்டு பேரும் சேந்து எரிஞ்சோம்.

எட்வினும் சலிச்சுட்டாரு. "அண்ணாச்சி, மதினி இல்லாம நீங்க ஏறாதிய. வண்டிக்குக் கேவலம்"னுட்டாரு. பைனலுக்குத் துளசிமணி வரலைன்னா எனக்கு எடமில்லியாம். நூத்திப்பத்துன்னாலே நாச்சிமுத்துங்கறாங்க, என்னையவே வெளிய நிறுத்தறதுங்களா? அதுக்குத்தான் கெளம்பிட்டேன். மன்னிப்பெல்லாம் கேக்கறதா இல்ல. எதுக்குக் கேக்கோணும்? ஹெட்போனைக் குடுத்து, "வா அம்மிணி, போலாம்"னு சொன்னா வந்துரும். காதுக்குப் புது பஞ்சு மாத்தியிருக்கேன். சும்மா இல்ல.

இருங்க, போனு. அட, அதேதான்!

அலோ... ஆமா அம்மிணி... ரயில்லதான் வர்றேன்... இப்பத்தான் திருப்பூரு தாண்டுச்சு... உனக்கு யாரு சொன்னா?... ரங்கசாமியா? அவன் வாயி... எதுக்குன்னா, ஹெட்போனை விட்டுட்டுப் போயிட்டயே, அதான்... என்ன, வேற வாங்கிட்டயா?... எதுக்கு?... யாரு, எட்வினா?... தெனமுமா?... நீ ஓட்டறயா?... முன்னாடியா?... வளையாமலா?... எத்தனை?... எத்தனைன்னே?... ம்... ம்... யாரு, நானா?... அம்மிணி, எனக்கு முட்டி... இல்ல, முட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லதான், செரி... ம்... கேக்குது... கேக்குதுன்னேன்... செரி, வெச்சுரு.

வெச்சுருச்சுங்க.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க.

போன வாரம் பூரா தங்கச்சி ஊட்டுக் கம்ப்யூட்டர்ல ஒக்காந்துட்டு அது நூத்திப்பத்து ஓட்டியிருக்குதுங்க. அதுவே முன்சீட்டுல! எட்வினு கத்துக் குடுத்திருக்காரு. என்னைய வெளிய நிறுத்திப்போட்டு அங்க பாடம் நடந்துருக்குது. விழுகுமாம், அடிக்குமாம், நேராப் போயிருமாம். எவன் தப்பிச்சுப் போனாலும் திரும்பறதே இல்லியாம். "போனா போறான், நாளைக்கு வருவான்"னு சொல்லுதாம். இந்த ஒரு வாரத்துல விழுந்தது நான் ஒரு வருசத்துல போட்டதை விடச் சாஸ்தி. இனி மதினிதான் ஓட்டோணும்னு எட்வினு முடிவே பண்ணிட்டாராம்.

நான் வந்து கூப்பிட்டா ஊட்டுக்கு வருதாம். ஞாயித்துக்கெழமை சண்டைக்கும் ஒக்காருதாம். ஆனா முன்னாடி. நான் பின்னாடி. "சம்மதம்னா ஈரோட்டுல எறங்கி ஊட்டுக்கு வாங்க, கொழம்பு கூட்டி வெக்கறேன். இல்லைன்னா அடுத்த ரயில்ல அப்படியே திரும்பிப் போயிருங்க"ன்னு சொல்லுது. எங்கிட்ட! அந்தச் சீட்டை வெல்டு அடிச்சதே நான்தானுங்க!

போனை வெக்கறப்ப ஒண்ணு சொல்லுச்சு. "பயப்படாதீங்க. எரிஞ்சா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவேன். நீங்க குதிச்சதுக்கப்புறந்தான் நான் குதிப்பேன்."

குத்திக் காட்டுதுன்னு நெனைச்சேன். ஆனா குரல்ல குத்தலே இல்லீங்க. கொழம்புக்கு என்ன காய் போடட்டும்னு கேக்குமே, அந்த மாதிரி சொல்லுச்சு. அதுதான் எனக்கு என்னமோ பண்ணுது. திட்டியிருந்தாத் தேவலை.

விஜயமங்கலமா இது? அப்ப ஈரோட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்குது.

ஏனுங்க, ஒரு ஒதவி. நீங்க ஒக்காந்திருக்கறது வண்டி போற பக்கத்துக்கு முதுகு காட்டற சீட்டு. எனக்குக் கொஞ்சம் மாத்திக் குடுங்க. இல்ல, சம்மதம்னு நான் இன்னும் சொல்லல. தலை சுத்துதா இல்லியான்னு பாத்துக்கலாம்னுதான். ஆமா, நீங்க இங்க வாங்க. அப்படித்தான். பையக் குடுங்க.

அடடே.

என்னங்க இது, எல்லாம் நம்மளை விட்டுட்டுப் போற மாதிரியே இருக்குது! ஸ்டேசன் போகுது, பாலம் போகுது, அந்தத் தென்னந்தோப்பு போகுது. என்ன வரப் போகுதுன்னு ஒண்ணுமே தெரியல. எதுக்கால ஒக்காந்திருக்கறவங்க சொன்னாத்தான் உண்டு. இப்படியேவா இருந்துச்சு அது? வெங்காயத்தையும் உரிச்சுட்டு?

தலை சுத்தல் பரவால்ல. பழகிரும்.

நீங்க எங்க எறங்கறீங்க? பெருந்துறையா? அப்ப ஒண்ணு பண்ணுங்க. எறங்கறப்ப என்ற தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க. ஜன்னலைப் பாத்துட்டு ஒக்காந்தா, நீங்க இருக்கறீங்கன்னு நெனைச்சு நான் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பேன்.